இலவசமும் பொதுவும்

சொற்களுக்கும் வரலாறு உண்டு. ஒரு சமுதாயம் எப்பொருளை எவ்வாறு ஆக்குகிறது, ஆக்கியதை எவ்வாறு பங்கிட்டுக்கொள்கிறது என்பனவற்றை அதன் சொற்களே பல வேளைகளில் நமக்கு உணர்த்திவிடுகின்றன. ஆங்கிலத்தில் 'ஃப்ரீ' என்னும் ஒரே சொல் விலையின்மையையும் விடுதலையையும் ஒருங்கே குறிக்கும். 1983ஆம் ஆண்டில் 'க்னூ' திட்டத்தை அறிவித்த ரிச்சர்ட் ஸ்டால்மன், மென்பொருளைப் பயன்படுத்துவோர் அதனை ஆராயவும் மாற்றவும் பிறருக்கு வழங்கவும் உரிமை பெறவேண்டும் என்று இயக்கம் நடத்தியவர். தாம் பேசுவது உரிமையைப் பற்றியே என்றும், விலை தமது கவலையன்று என்றும் அவர் ஓயாது விளக்கம் கூற வேண்டியிருந்தது. நமக்கு அத்தொல்லை இல்லை. தமிழ்க் கணிமைக்கு உழைத்தோர் 'இலவச மென்பொருள்', 'கட்டற்ற மென்பொருள்' என்று இரு வேறு தொடர்களை ஆக்கித் தந்துள்ளனர். ஆயினும் சொல்லில் வாய்த்த தெளிவு நம் நடைமுறையில் இன்னும் வாய்க்கவில்லை. நம் சிறுசஞ்சிகைகளும் பாடசாலைகளும் இலக்கியச் சங்கங்களும் இணையத்தில் தமக்கென ஓரிடம் அமைக்கும்போது, இலவசமாய்க் கிடைப்பதையெல்லாம் பொதுவுடைமை என்றே மயங்கிவிடுகின்றன. அம்மயக்கம் எங்கிருந்து பிறக்கிறது, அதனால் நாம் இழப்பது யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் நிகழ்ச்சியை நோக்குவோம். மிசேல் வால்ட்ரிகி என்பவர் எழுதிக் கைவிட்டிருந்த 'பி2' என்னும் நிரலை அடிப்படையாகக் கொண்டு, மாட் முல்லன்வெக், மைக் லிட்டில் ஆகிய இருவரும் 2003ஆம் ஆண்டு மே மாதத்தில் 'வேர்ட்பிரஸ்' என்னும் மென்பொருளை வெளியிட்டனர். யாவரும் எடுத்தாளலாம், மாற்றலாம், பகிரலாம் என்னும் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் அது வெளிவந்தது. இன்று உலகின் இணையத்தளங்களுள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு அதன்மீதே இயங்குகின்றன. 2004ஆம் ஆண்டில் அதனுடன் 'பிளகின்' எனப்படும் செருகுநிரல்களை இணைக்கும் ஏற்பாடு வந்தது. படத்தொகுப்புக்கு ஒன்று, விண்ணப்பப் படிவத்துக்கு ஒன்று, காப்புப்பிரதிக்கு ஒன்று, மும்மொழிப் பக்கங்களை ஒழுங்குசெய்ய ஒன்று எனப் பல்லாயிரம் செருகுநிரல்கள் இன்று விலையின்றிக் கிடைக்கின்றன. நிரல் எழுதத் தெரியாத ஓர் ஆசிரியர்கூடத் தம் பாடசாலைக்கு ஓர் இணையத்தளத்தை ஓரிரு நாள்களில் அமைத்துவிட இவை துணைசெய்தன. இது மெய்யான சாதனை. இதனைக் குறைத்து மதிப்பிடுதல் தகாது.

பின்னர் நடப்பது வேறு. ஒரு செருகுநிரல் பரவுகிறது. நூறாயிரக்கணக்கான தளங்கள் அதனை நம்பி எழுகின்றன. ஒரு நாள் புதிய பதிப்பு வெளியாகிறது. நேற்றுவரை இயங்கிய வசதி ஒன்று அதில் இல்லை. அவ்வசதி 'ப்ரோ' என்னும் பெயருடன் ஆண்டுச் சந்தா செலுத்துவோருக்குரிய தனிப் பதிப்பில் இடம்பெற்றிருக்கிறது. வேர்ட்பிரஸ் செருகுநிரற் களஞ்சியத்தின் விதிகள், ஒரு வசதியை உள்ளே வைத்துப் பூட்டி அதன் திறவுகோலை விற்பதைத் தடைசெய்கின்றன. ஆதலால் பூட்டுவதற்குப் பதிலாக அவ்வசதியையே பெயர்த்தெடுத்து வெளியே விற்கின்றனர். விதி மீறப்படவில்லை, ஆனால் நேற்றிருந்தது இன்று இல்லை.

மும்மொழி வழங்கும் இலங்கையில் நம்மை நெருங்கித் தொடும் எடுத்துக்காட்டு மொழிச் செருகுநிரல்களே. 'டபிள்யூ.பி.எம்.எல்.' என்னும் பன்மொழிச் செருகுநிரல் தொடக்கத்தில் விலையின்றி வழங்கப்பட்டது; 2011ஆம் ஆண்டில் கட்டணத்துக்குரியதாயிற்று. விலையின்றியே நீடித்த 'கியூ-டிரான்ஸ்லேட்' என்பதன் கதை வேறு வகையானது. ஒரே கட்டுரைக்குள் பல மொழிகளின் வாசகங்களையும் தனிக் குறிகளிட்டு அடுக்கிவைப்பது அதன் முறை. 2010களின் நடுப்பகுதியில் அதன் ஆக்குநர் அதனைப் பேணுவதை விட்டொழிந்தார். அதனை நீக்கிய தளங்களில் சிங்களமும் தமிழும் ஆங்கிலமும் அக்குறிகளோடு ஒரே பக்கத்தில் ஒன்றன்மேல் ஒன்றாய்க் குவிந்து தோன்றலாயின. செருகுநிரல்களுக்கு வெளியேயும் இதே போக்கினைக் காண்கிறோம். 2018ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் கூகிள் நிறுவனம் தன் நிலப்படச் சேவைக்குப் புதிய விதிகளை விதித்தது. தன் நிரலிடைமுகத்தின் வழியாகப் படத்தைப் பெறும் தளங்கள் கடனட்டை விவரத்துடன் கணக்குத் திறக்கவேண்டும் என்றது. கணக்கற்ற தளங்களில் நிலப்படம் கருமை படர்ந்து, எச்சரிக்கை வாசகம் பொறித்துத் தோன்றியது.

இந்நிகழ்ச்சியைப் பற்றி நம்மிடையே இருவகைத் தீர்ப்புகள் வழங்குகின்றன. ஒன்று ஒழுக்கவியல் தீர்ப்பு: 'இலவசம் என்று ஆசைகாட்டி ஏமாற்றிவிட்டார்கள்' என்பது. மற்றையது சந்தைத் தீர்ப்பு: 'உழைத்தவன் விலை கேட்கிறான், கொடுக்க மனமில்லாதவன் புலம்புகிறான்' என்பது. இரண்டும் ஓரளவு உண்மையைத் தொடுகின்றன. இரண்டும் பாதிவழியில் நின்றுவிடுகின்றன.

முதல் தீர்ப்பை எடுத்துக்கொள்வோம். உழைப்புக்கு ஊதியம் வேண்டும் என்று ஊருக்குரைக்கும் நாம், நிரலாளன் மட்டும் ஊதியமின்றி உழைக்கவேண்டும் என்று எதிர்பார்ப்பது எவ்வகை நியாயம்? 2014ஆம் ஆண்டில் 'ஹார்ட்பிளீட்' என்னும் பாதுகாப்புக் குறைபாடு உலகை அச்சுறுத்தியது. வங்கிகளும் அரசாங்கங்களும் பெருநிறுவனங்களும் தம் இரகசியத் தொடர்புகளுக்கு நம்பியிருந்த 'ஓப்பன் எஸ்.எஸ்.எல்.' என்னும் நிரலில் அக்குறைபாடு இருந்தது. அந்நிரலுக்கு ஆண்டுதோறும் கிடைத்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டொலர் மாத்திரமே என்பதும், முழுநேரமாக அதில் உழைத்தவர் ஒருவரே என்பதும் அப்பொழுதுதான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. கோடிகளை ஈட்டிய நிறுவனங்கள் ஒரு சிலரின் கூலியற்ற உழைப்பின்மீது நின்றிருந்தன. செருகுநிரல் எழுதும் இளைஞன் ஒருவன் இரவெல்லாம் கண்விழித்து ஆயிரம் பேரின் கேள்விகளுக்கு விடையளித்துக் களைத்து, ஈற்றில் விலை கேட்பானாயின் அவனைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

இரண்டாம் தீர்ப்போ இதனினும் மேலோட்டமானது. செருகுநிரலின் மதிப்பு அதன் ஆக்குநரால் மட்டும் விளைந்ததா? குறைகளைக் கண்டறிந்து அறிவித்தோர், பயன்படுத்தும் முறையைப் பிறருக்குக் கற்பித்தோர், கூலியின்றித் தத்தம் மொழிகளில் பெயர்த்தோர் எத்துணைப் பேர்! பலருடைய உழைப்பால் விளைந்த மதிப்பு ஒருவருடைய உடைமையாகச் சந்தைக்கு வருகிறது. அங்கும் அது அவ்வொருவர் கையில் நிலைப்பதில்லை. 'யோஸ்ட்' என்னும் புகழ்பெற்ற செருகுநிரல் நிறுவனத்தை 2021ஆம் ஆண்டில் நியூஃபோல்ட் டிஜிட்டல் என்னும் பெருநிறுவனம் வாங்கிற்று. எலியட் காண்டன் என்பவர் உருவாக்கிய 'அட்வான்ஸ்ட் கஸ்டம் ஃபீல்ட்ஸ்' 2021இல் ஒரு நிறுவனத்துக்கும், 2022இல் டபிள்யூ.பி. எஞ்சின் என்னும் மற்றொரு நிறுவனத்துக்கும் கைமாறிற்று. 2024ஆம் ஆண்டு அந்நிறுவனத்துக்கும் முல்லன்வெக்குக்கும் வர்த்தகக்குறி பற்றிய பூசல் மூண்டது. அக்டோபர் மாதத்தில் வேர்ட்பிரஸ் களஞ்சியம் அச்செருகுநிரலின் இடத்தைத் தானே கைப்பற்றி வேறு பெயரிட்டது. டிசம்பர் 10ஆம் நாள் அமெரிக்க நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்த பின்னரே அது மீண்டும் பழைய உடைமையாளரிடம் சென்றது. இருதிறத்தாரும் திறந்தமூலத்தின் நன்மையைப் பற்றியே உரத்துப் பேசினர். அவர்களை நம்பித் தளம் அமைத்த எளியோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. தங்கள் தளத்தின் அடித்தளம் இரவோடிரவாகக் கைமாறியதைப் பலர் பின்னரே அறிந்தனர்.

இங்கேதான் வினா கூர்மையடைகிறது. விலை எவ்வளவு என்பதைக் காட்டிலும், வாயிலைத் திறக்கவும் மூடவும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே முதன்மையானது. இதனைப் புத்தளம் மாவட்டத்தார்க்கு விளக்க வேறெங்கும் செல்லவேண்டியதில்லை. நம் கரையிலே விளையும் உப்பே போதிய சான்று.

கண்டி அரசன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனுக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த போர் 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையோடு முடிவுற்றது. அவ்வுடன்படிக்கையால் இலங்கைத் தீவின் கரையோரம் முழுவதும் ஒல்லாந்தருக்கு உரியதாயிற்று. கண்டிக்குக் கடல்வழி அற்றுப்போயிற்று. அதற்கு ஈடாகக் கிடைத்த சலுகைகளுள் ஒன்று, கண்டி மக்கள் புத்தளம், சிலாபம் முதலிய உப்பளங்களில் விலையின்றி உப்பு அள்ளிக்கொள்ளலாம் என்பது. உப்புக்கு ஒரு காசும் இல்லை. ஆனால் உப்பு விளையும் கரை அன்னியனுடையது. கற்பிட்டியில் அவன் கட்டிய கோட்டை இன்றும் நிற்கிறது. கண்டக்குழியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்வோர் அதனைக் காணலாம். விலையின்றி அள்ளுகிறவன் தன்னை உரிமையாளன் என்று எண்ணிக்கொள்ளலாம். எனினும் கோட்டை எவனுடையதோ அவன் மனம் மாறும்வரைதான் அவ்வுப்பு விலையற்றது. இலவசம் என்பது உடைமையாளன் தரும் அனுமதி. அனுமதியைத் தந்தவன் திரும்பப் பெறலாம். பொது என்பதோ யாவர்க்குமுரிய உடைமை. அதனைத் திரும்பப் பெறத் தனியொருவனுக்கு அதிகாரமில்லை.

தமிழிலக்கியம் பயின்றோர்க்கு வேறொரு காட்சியும் நினைவுக்கு வரலாம். அதியமான் நெடுமான் அஞ்சி பரிசில் வழங்கக் காலந்தாழ்த்தியபோது, ஔவையார் வாயில்காவலனை முன்னிலைப்படுத்திப் பாடிய பாடலொன்று புறநானூற்றில் உண்டு. அதனைப் புலவரின் பெருமிதத்துக்குச் சான்றாகவே நம் ஆசிரியர்கள் பெரும்பாலும் கற்பித்து வருகிறோம். பெருமிதம் உண்மையே, ஆனால் அது எதன்மேல் நிற்கிறது? தம் யாழையும் பையையும் எடுத்துக்கொண்டு வேறிடம் செல்லத் தம்மால் முடியும் என்னும் உறுதியின்மேல் அது நிற்கிறது. புலமை அவருடன் செல்லும். அதியமானின் அரண்மனையில் அது பூட்டப்பட்டிருக்கவில்லை. புரவலனை நம்பி வாழ்ந்த அக்காலத்தும் வெளியேறும் உரிமையே புலவரின் விடுதலையாக இருந்தது.

இன்று நம் நிலையாது? பாடசாலைத் தளமொன்றில் பத்தாண்டுக் காலம் சேர்த்த விளையாட்டுப் போட்டிப் படங்களும், மாணவர் கட்டுரைகளும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களைப் பற்றிய குறிப்புகளும் இருக்கின்றன என்று கொள்வோம். படங்களின் வரிசை, படிவங்களில் நிரப்பியவை, ஒரு மொழிப் பக்கத்துக்கும் மறுமொழிப் பக்கத்துக்கும் உள்ள தொடர்பு ஆகியன பெரும்பாலும் அந்தந்தச் செருகுநிரலுக்கே உரிய அட்டவணைகளிலும் குறியீடுகளிலும் சேமிக்கப்படுகின்றன. செருகுநிரலை நீக்கினால் பக்கந்தோறும் சதுர அடைப்புக்குள் பொருளற்ற குறிகளே எஞ்சும். சந்தாவைப் புதுப்பிக்காவிட்டாலோ, பல செருகுநிரல்கள் உடனே நின்றுவிடுவதில்லை. புதிய திருத்தங்கள் மட்டும் வாராது போகும். பழைய பதிப்பின் ஓட்டைகள் வழியே ஊடுருவுவோருக்குத் தளம் நாளடைவில் திறந்த வீடாகும். ஆகவே யாழும் பையும் அரண்மனைக்குள் இருக்க, நாம் வாயிலில் நிற்கிறோம்.

வாயிலில் கேட்கும் தொகையும் நம் நாணயத்தில் இல்லை. 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். அவ்வாண்டு மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாய். நூறு டொலர்ச் சந்தா 20,000 ரூபாயிலிருந்து 36,000 ரூபாயாயிற்று. செருகுநிரலின் விலை ஒரு சதமும் உயரவில்லை. ஆனால் இலங்கை ஆசிரியரின் மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை அது விழுங்கும் நிலை வந்தது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற மக்களின் பிள்ளைகள் கற்கும் பாடசாலை, தன் நினைவைக் காக்க அந்நியச் செலாவணி தேடவேண்டியிருந்தது. உலகச் சந்தையில் யாவர்க்கும் ஒரே விலை என்பது சமத்துவம் போலத் தோன்றும். வாங்குவோரின் வருவாய் சமமில்லாதவிடத்து ஒரே விலையே ஏற்றத்தாழ்வின் கருவியாகிவிடுகிறது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். 'வேர்ட்பிரஸ் செருகுநிரல்கள் பலவும் பொதுமக்கள் உரிமத்தின் கீழ் வருவன. கட்டணப் பதிப்பையும் பெற்றவர் பகிரலாம். பழைய இலவசப் பதிப்பை எவரும் எடுத்து வளர்க்கலாம். ஆதலால் கோட்டை ஏது?' என்று கேட்கலாம். தடை வலிமையுடையதே. கியூ-டிரான்ஸ்லேட் கைவிடப்பட்டபோது வேறு சிலர் அதன் நிரலை எடுத்துப் புதிய பெயர்களில் வளர்த்தனர். உரிமம் அதற்கு இடந்தந்தது. ஆயின் எடுத்து வளர்க்கக் கைகள் வேண்டும்; ஆண்டுதோறும் திருத்தப் பொழுது வேண்டும்; அப்பொழுதுக்குச் சோறு வேண்டும். இவை இல்லாதவிடத்து உரிமம் ஏட்டளவில் நிற்கும். கட்டற்ற மென்பொருள் என்னும் கருத்தைப் போற்றுவோரிடையே நாம் காணும் பெருங்குறை இதுவே. உரிமத்தின் வாசகத்தில் விடுதலை முழுமையடைந்துவிட்டதாக அவர்கள் நம்புகின்றனர். நிலம் உழுபவனுக்கே என்று சட்டம் எழுதியதோடு பணி முடிவதில்லை. ஏரும் விதையும் கூட்டுறவும் அவனுக்கு வேண்டும் என்பதை நாம் நிலப்பிரச்சினையில் அறிந்திருக்கிறோம். மென்பொருளிலும் உண்மை அதுவே.

பொதுவுடைமை கனவன்று என்பதற்குச் சான்றுகள் உண்டு. கூகிள் நிலப்படம் கட்டண வாயிலுக்குள் சென்றபோது பல தளங்கள் 'ஓப்பன்ஸ்ட்ரீட்மாப்' என்னும் பொது நிலப்படத்துக்குப் பெயர்ந்தன. 2004ஆம் ஆண்டு முதலாகத் தன்னார்வலர் தெருத்தெருவாக அளந்து வரைந்துவைத்திராவிடின் அப்பெயர்ச்சி இயன்றிராது. 2002ஆம் ஆண்டில் 'பிளெண்டர்' என்னும் முப்பரிமாண ஓவிய மென்பொருளின் நிறுவனம் முறிந்தது. அதன் ஆக்குநர் டான் ரோசென்டால் உலகமெங்குமிருந்த பயனர்களிடம் ஏழு வாரங்களில் 1,00,000 யூரோ திரட்டி அந்நிரலை முதலீட்டாளரிடமிருந்து மீட்டுப் பொதுவாக்கினார். அம்மென்பொருளால் உருவான 'ஃப்ளோ' என்னும் லத்விய நாட்டுத் திரைப்படம் 2025ஆம் ஆண்டில் ஆஸ்கார் விருது பெற்றது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், இந்நாட்டு நிரலாளர்களே 'சகன' என்னும் பேரிடர் நிவாரண மென்பொருளைக் கட்டற்றதாக எழுதினர். அது பின்னர் பாகிஸ்தானிலும் ஹெயிட்டியிலும் நிலநடுக்கத்தால் நொந்தோர்க்குப் பயன்பட்டது. கொடுக்கவும் நம்மால் இயலும் என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

தமிழிலும் அவ்வழி புதிதன்று. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர் கையால் தட்டச்சிட்டு உலகுக்கு அளித்தது. 2003இல் தமிழ் விக்கிப்பீடியா எழுந்தது. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பிரசுரங்களையும் எண்ணிம வடிவில் திரட்டிக் காத்து வருகிறது. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்த தீயில் ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்த சமுதாயம் நாம். அக்கொடுமையோடு ஒரு செருகுநிரலின் விலையேற்றத்தை ஒப்பிடுவது மிகையாகும். ஆயினும் ஒரு படிப்பினை இரண்டுக்கும் பொது. ஒரு மக்களின் நினைவு ஒரே இடத்தில், ஒரே கையில், எடுத்துச்செல்ல இயலாத வடிவில் இருத்தலாகாது. 1990ஆம் ஆண்டு அக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பலர் வந்து குடியேறியது இப்புத்தளம் மண்ணில்தான். இரண்டு மணி நேரத்தில் ஊரைவிட்டு நீங்க நேர்ந்த யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு, எதை எடுத்துச்செல்லலாம், எதை விட்டுச்செல்லவேண்டும் என்னும் வினாவின் பொருளை எவரும் கற்பிக்கவேண்டியதில்லை.

ஆசிரியராகிய நமக்கு மிக அண்மையில் உள்ள முன்மாதிரி இலவசக் கல்வியே. 1945ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இந்நாட்டில் அது நடைமுறைக்கு வந்தது. 1980 முதலாகப் பாடநூல்களும் விலையின்றி வழங்கப்படுகின்றன. இதனை நாம் இலவசம் என்று அழைக்கிறோமாயினும், இது எவரோ இரங்கித் தந்த கொடையன்று. மக்களின் வரிப்பணத்தால் ஆசிரியருக்குச் சம்பளம் கிடைக்கிறது; மீனவனும் தோட்டத் தொழிலாளியும் வாங்கும் ஒவ்வொரு பொருளின் விலையிலும் அதற்கான பங்கு அடங்கியிருக்கிறது. உழைத்தவனுக்கு ஊதியமும் உண்டு, கற்பவனுக்குக் கட்டணமும் இல்லை. மேலே கண்ட இரு தீர்ப்புகளும் எதிரெதிராக நிறுத்திய இரு நியாயங்களும் இங்கே ஒன்றுபடுகின்றன. செலவைப் பொதுவில் ஏற்றுப் பயனைப் பொதுவில் துய்க்கும் இவ்வேற்பாட்டை மென்பொருளுக்கு விரிப்பதில் என்ன தடை? கல்வியமைச்சும் பல்கலைக்கழகங்களும் மும்மொழிப் பாடசாலைத் தளத்துக்குரிய ஒரு கட்டற்ற நிரலைப் பொதுச் செலவில் ஒருமுறை எழுதுவித்து ஆண்டுதோறும் பேணுமாயின், ஒவ்வொரு பாடசாலையும் தனித்தனியே வாயில்தோறும் நிற்கவேண்டியதில்லை.

அரசு முன்வரும்வரை கைகட்டி இருத்தலும் தகாது. ஒரு வலயத்துப் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் ஒன்றுகூடினால், ஓர் இளம் நிரலாளருக்குப் பகுதிநேர ஊதியம் தருவது அரிதன்று. உயர்தர வகுப்பில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்கும் மாணவர், பிறர் தளத்தைப் பார்த்து அமைப்பதோடு நில்லாமல், ஒரு செருகுநிரலைத் திறந்து படித்துத் திருத்தவும் பழகவேண்டும். புதிய தளம் அமைப்போர் மூன்று வினாக்களை முதலிலேயே எழுப்புவாராக. இதன் உடைமையாளர் யார்? நாளை வெளியேற நேரின் நம் எழுத்தும் படமும் சாதாரணக் கோப்புகளாக நம் கைக்கு வருமா? இதனைப் பேணுவோர்க்கு உணவளிப்பது யார்? 'விலை என்ன' என்னும் வினா இம்மூன்றுக்கும் பின்னரே வரத்தக்கது. விலையுள்ளதாயினும் வெளியேற வழிவிடும் கருவி நமக்கு உகந்ததாகலாம். விலையற்றதாயினும் வழியடைப்பது உகந்ததன்று.

முற்போக்கு இலக்கியம் என்பது என்ன எழுதுகிறோம் என்பதோடு முடிவதன்று. எழுதியதை எந்த ஏட்டில் ஏற்றுகிறோம், அவ்வேடு யாருடைய பேழையில் இருக்கிறது என்பனவும் அதன் பொறுப்பில் அடங்கும். அச்சகத்தின் உடைமையைப் பற்றிச் சிந்தித்த மூத்தோரின் வழிவந்தவர்கள் நாம். திரையின் பின்னே அச்சகம் கண்ணுக்குத் தெரியாது போயிற்று. உடைமைப் பிரச்சினை மறைந்துவிடவில்லை. அதனை எடுத்து விவாதிக்கவும், விவாதத்தோடு நில்லாது அமைப்பாகத் திரளவும், ஆசிரியரும் மாணவரும் முன்வரவேண்டும். இப்பணி இவ்வாண்டே, நம் பாடசாலைத் தளத்தின் ஒரு பிரதியை நம் கையில் எடுத்து வைப்பதிலிருந்து தொடங்கலாம்.